பழைய தோட்ட டிராக்டரை வீட்டிலேயே சரிசெய்வது: முதலில் ஓடட்டும், பெயின்ட் அப்புறம்

கொட்டகையில் பல வருடமாக நிற்கும் தோட்ட டிராக்டரைப் பார்த்ததும் கை பரபரக்கும். பானெட்டைக் கழற்றலாம், டேங்கைக் கழற்றலாம், எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பிப் புதுசு போல பெயின்ட் அடிக்கலாம் என்று மனசு சொல்லும். பாதியில் கைவிடப்பட்டு, நாலைந்து அட்டைப்பெட்டிகளாக விலைக்கு வரும் டிராக்டர்களில் பெரும்பாலானவை இப்படி ஆரம்பித்தவைதான்.

இங்கே சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் எஞ்சின் ஓட வேண்டும். அடுத்து வண்டி தானாக நகர்ந்து, தானாக நிற்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துச் சரிசெய்யலாம். பெயின்ட் கடைசி. காரணம் எளிது: ஓடுகிற வண்டி தன் நோயைத் தானே சொல்லிவிடும். எந்த கியரில் சத்தம், எப்போது புகை, கிளட்ச் எங்கே வழுக்குகிறது என்பதெல்லாம் பிரித்துப்போட்ட வண்டியில் தெரியாது.

கையில் இருப்பது என்ன?

புல் வெட்டுவதற்கென்றே செய்த மெல்லிய வண்டிகளை விட, உழவு, மண் தள்ளுவது போன்ற வேலைகளையும் தாங்கும் கனமான சட்டமும் பின் அச்சும் கொண்டவைதான் தோட்ட டிராக்டர்கள். 1961-ல் வந்த கப் கேடட், 1963-ல் வந்த ஜான் டீர் 110, அந்தக் காலத்து வீல் ஹார்ஸ், சிம்ப்ளிசிட்டி, பொலன்ஸ் எல்லாம் இந்த வகை. இவற்றில் பலவற்றில் இருப்பது ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிரும் எஞ்சின். கோலர் கே வரிசை, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், டெகம்சே ஆகியவை அடிக்கடி கண்ணில் படும். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருக்கும். ஹெட் என்பது கிட்டத்தட்ட ஒரு மூடிதான். அதனால் வீட்டில் வேலை செய்ய இதை விட எளிய எஞ்சின் கிடைப்பது கஷ்டம்.

வண்டியின் தகட்டில் இருக்கும் மாடல் எண்ணையும், எஞ்சின் மேல் தனியாக இருக்கும் மாடல், ஸ்பெக் எண்களையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்களில் கார்புரேட்டரும் கிராங்க்ஷாஃப்ட்டும் வேறாக இருக்கலாம். உதிரிபாகம் வாங்க வண்டியின் பெயர் போதாது, ஸ்பெக் எண்தான் வேண்டும். அந்த எண்ணுக்கான சர்வீஸ் புத்தகத்தையும் தேடி எடுத்து வையுங்கள். இங்கே தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் புத்தகம் சொல்வதே சரி.

அப்புறம் போட்டோ எடுங்கள். ஒயர் போகும் வழி, ஸ்பிரிங் மாட்டிய துளை, பெல்ட் எந்தக் கப்பிக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கழற்றும் முன் எல்லாவற்றையும் எடுங்கள். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று பிற்பாடு யாராலும் நினைவிலிருந்து சொல்ல முடியாது.

சாவியைத் தொடும் முன்

பேட்டரி கொடுத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினின் முனையில் இருக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி நிம்மதி.

அடுத்து எஞ்சின் ஆயில். குச்சியில் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். பால் கலந்தது போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கோட்டுக்கு மேல் நின்றால், கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் சிலிண்டர் வழியே கீழே இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போகும். எப்படியிருந்தாலும் பழைய ஆயிலை வடித்துவிட்டு, புத்தகம் சொல்லும் ஆயிலை ஊற்றுங்கள். இந்தப் பழைய எஞ்சின்களுக்கு வெயில் காலத்தில் பெரும்பாலும் எஸ்.ஏ.இ. 30. வடித்ததைக் காந்தத்தால் துழாவிப் பாருங்கள். இரும்புத்துண்டு ஒட்டினால் ஸ்டார்ட் செய்யாமல் நேராக எஞ்சினைத் திறப்பதே புத்திசாலித்தனம். ஆனால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் அலுமினியம். அது காந்தத்தில் ஒட்டாது, வெள்ளிப்பொடியாகக் கண்ணில்தான் படும்.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள தகரக் கூட்டைக் கழற்றி, சிலிண்டரின் துடுப்புகளுக்கு நடுவே பாருங்கள். எலிக்கூடு, காய்ந்த புல், எண்ணெயில் குழைந்த மண் என்று அடைந்து கிடக்கும். காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்று போகவில்லை என்றால் கொஞ்ச நேரத்திலேயே சூடேறி, வால்வு சீட் தளர்ந்து, பிஸ்டன் உரசிவிடும். கூட்டைத் திரும்ப மாட்டாமல் ஓட்டக் கூடாது என்பதும் இதனால்தான். காற்றை துடுப்புகளுக்குத் திருப்பிவிடுவது அந்தத் தகரம்தான்.

எஞ்சின் இறுகியிருந்தால்

ஃப்ளைவீல் அசையவே இல்லையா? பயப்பட வேண்டாம், ஆனால் அவசரமும் வேண்டாம். பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றுங்கள். ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவமும் (ஏ.டி.எஃப்.) அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையும் நன்றாக ஊடுருவும். அது சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால் திறந்த வெளியில் கலக்குங்கள். சில நாள் ஊற விட்டு, தினமும் ஃப்ளைவீலை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் போதும், இன்னும் எண்ணெய் ஊற்றி மறுபடி ஆட்டுங்கள்.

நீண்ட குழாயை மாட்டி ஏறி மிதிப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஃப்ளைவீலின் துடுப்பு உடையும், ராட் வளையும். ஒரு வாரம் ஆகியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள். பல சமயம் துரு சிலிண்டர் சுவரில் ஒரு வளையமாக மட்டும் இருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பிஸ்டன் மேல் ஒரு மரக்கட்டை வைத்து சுத்தியலால் தட்டினால் இளகும். சில சமயம் பிஸ்டனில் குற்றமே இருக்காது, ஒரு வால்வுதான் திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பொறி வருகிறதா?

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: பொறி, பெட்ரோல், அழுத்தம். இதில் பொறியைச் சோதிப்பதுதான் சுலபம். பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து, எஞ்சினைச் சுழற்றுங்கள். பளிச்சென்று நீலப் பொறி சத்தத்தோடு தாவ வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் போதாது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். அதனால் பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள்.

பொறி இல்லையென்றால் காயிலைக் குறை சொல்லும் முன், காயிலின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட்டைப் பாருங்கள். நின்ற வண்டியில் பாயின்ட்டின் முனைகளில் மெல்லிய ஆக்சைடு படலம் பிடித்துவிடும். நுண் அரத்தாலோ நைஸ் உப்புத்தாளாலோ ஓரிரு முறை இழுத்து, பிறகு சுத்தமான காகிதத்தை நடுவில் வைத்து இழுத்தால் பல வண்டிகளில் அதுவே போதும். இடைவெளி 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.5 மி.மீ. கோலர் கே வரிசையில் பாயின்ட் பிளாக்குக்கு வெளியே, சின்ன மூடிக்குள் இருக்கிறது. பிரிக்ஸின் பழைய எஞ்சின்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கிறது, ஃப்ளைவீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பாயின்ட்டின் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். கோலரில் பொறி நேரத்தைக் காட்டும் ஃப்ளைவீலின் எஸ் குறி நேருக்கு வரும்போது பாயின்ட் திறக்கத் தொடங்கும்படி வைப்பதே சரியான முறை. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் வைக்கும் அளவு ஆரம்பப் புள்ளிதான். கண்டென்சரைப் பாயின்ட்டோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

பிரிக்ஸில் 1982-ல் மேக்னெட்ரான் என்ற மின்னணுப் பொறி வந்த பிறகு பாயின்ட் போய்விட்டது. அந்த வகையில் காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிபாருங்கள். பல மாடல்களில் 0.010 முதல் 0.014 அங்குலம்.

பொறி நன்றாக இருந்தும் எஞ்சின் எதிர்த்து உதைத்தால், ஃப்ளைவீலை கிராங்கோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டான சாவியைப் பாருங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் பொறி வரும் நேரமே மாறியிருக்கும்.

பெட்ரோலும் கார்புரேட்டரும்

நின்ற வண்டி ஓடாததற்கு முதல் காரணம் எப்போதும் இதுதான் என்று சொல்லிவிடலாம். பழைய பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுச்செல்லும். எத்தனால் கலந்திருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் ட்யூபை யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள். புது ஃபில்டர் போடுங்கள். டேங்கின் உள்ளே துரு இருந்தால் வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ ஊற்றி ஊற வைத்து, சுத்தமான சின்னச் சங்கிலியை உள்ளே போட்டு ஆட்டினால் பெயர்ந்து வரும். பிறகு சோடா கரைசலால் அலசி, உடனே காய வைக்க வேண்டும், இல்லையேல் மறுநாளே துரு. ஓட்டை விழுந்த டேங்கை வெல்டிங் செய்ய முயலாதீர்கள். காலியான டேங்கில் இருக்கும் ஆவி, பெட்ரோலை விட மோசமாக வெடிக்கும்.

கார்புரேட்டரை மேசையில், வெள்ளைத் துணி விரித்துப் பிரியுங்கள். ரப்பர், மிதவை, ஊசி வால்வு எல்லாவற்றையும் எடுத்த பிறகே கிளீனரில் போட வேண்டும். பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளைகளைக் குத்த ஸ்டீல் கம்பியோ துளையிடும் பிட்டோ வேண்டாம். பித்தளை எளிதில் பெரிதாகிவிடும். மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றை செம்பு இழை போதும். பின்னர் ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து, மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள். மிதவையைக் காதருகில் ஆட்டினால் உள்ளே சலசலவென்று கேட்டால் அது ஓட்டை, மாற்ற வேண்டும்.

பழைய கார்புரேட்டர்களில் கலவையைச் சரிசெய்ய இரண்டு திருகுகள் உண்டு. இரண்டையும் விரல் பலத்தில் மெதுவாக மூடி, ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று திறந்து வைத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். இறுக்கி மூடினால் ஊசி முனையில் வளையம் விழுந்து, பிற்பாடு எவ்வளவு திருகினாலும் நிதானத்துக்கு வராது. எல்லாம் சுத்தம் செய்த பிறகும் எஞ்சின் வேகம் ஏறி இறங்கி ஊசலாடினால், த்ராட்டில் தண்டின் துளை தேய்ந்து காற்று புகுகிறது என்று பொருள். தண்டை விரலால் ஆட்டினால் அந்த ஆட்டம் தெரியும். புஷ் போட்டால்தான் சரியாகும்.

முதல் ஓட்டம்

வெளியே, திறந்த இடத்தில், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துத்தான் முதல் ஸ்டார்ட். ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் போகாதீர்கள்.

அதற்கு முன் கவர்னரைப் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது வேக நெம்புகோலை வேகமான பக்கம் தள்ளினால், கவர்னர் ஸ்பிரிங் த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஓடத் தொடங்கியதும் கவர்னர் அதை மூடிக் கட்டுப்படுத்தும். இணைப்புக் கம்பி கழன்றிருந்தாலோ தப்பான துளையில் மாட்டியிருந்தாலோ எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் ஏறும். இவற்றின் உச்ச வேகம் வழக்கமாக நிமிடத்துக்கு 3600 சுற்று. அதைத் தாண்டினால் அலுமினிய ராட் உடைந்து பிளாக்கையே துளைத்து வெளியே வரும். எஞ்சினை உடனே நிறுத்தும் வழி ஒன்று, காற்று வாயை மூட ஒரு மரப்பலகை என்றாலும் சரி, கையில் இருக்கட்டும். ஈதர் ஸ்பிரே அடித்து ஸ்டார்ட் செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெட்ரோலில் ஓடாத எஞ்சினுக்கு ஈதர் மருந்தல்ல.

ஓடத் தொடங்கியதும் வரும் வெள்ளைப்புகை, நீங்கள் ஊற்றிய எண்ணெய் எரிவதுதான். சில நிமிடத்தில் அடங்கிவிடும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு கைடு, எஞ்சினின் உள்காற்றை வெளிவிடும் மூச்சுக்குழாய் ஆகிய மூன்றில் ஒன்று. கறுப்புப்புகை என்றால் பெட்ரோல் அதிகம்.

அழுத்தத்தைச் சோதிப்பது

கோலர் கே போன்ற பல எஞ்சின்களில் ஸ்டார்ட் செய்ய எளிதாக இருக்கட்டும் என்று, சுழற்றும்போது ஒரு வால்வை லேசாகத் திறந்து வைக்கும் அமைப்பு இருக்கிறது. அதனால் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண்ணை நம்பி எஞ்சின் செத்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. நல்ல எஞ்சினும் குறைவாகவே காட்டும்.

காற்றுக்கசிவுச் சோதனைதான் உண்மையைச் சொல்லும். பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்று கொடுத்து, காது கொடுத்துக் கேளுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் துளையில் சீறினால் ரிங்குகள். ஹெட்டின் ஓரத்தில் சோப்புத்தண்ணீர் குமிழ் விட்டால் கேஸ்கட். காற்று கொடுக்கும்போது பிஸ்டன் சட்டென்று கீழே ஓடப்பார்க்கும். ஃப்ளைவீலை அசையாமல் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, கையை விலக்கி வையுங்கள்.

கசிவு கொஞ்சம் என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். கரியைச் சுரண்டி, வால்வுகளை லேப்பிங் பேஸ்ட் தடவி அதன் சீட்டில் உருட்டித் தேயுங்கள். சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் தெரிந்தால் சரி. ஹெட்டைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.003 அங்குலத்துக்கு மேல் போனால் வளைந்திருக்கிறது. கொஞ்சம் வளைந்த ஹெட்டை அதே கண்ணாடியில் உப்புத்தாள் ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்தே சமப்படுத்தலாம். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கட், இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனர், படிப்படியான இறுக்கம் மூன்றும் கட்டாயம். கோலர் கே241 முதல் கே341 வரை 30 அடி-பவுண்டு வரை. ஒருமுறை ஓடி ஆறிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ரிங் வரை போக வேண்டும் என்றால் அது தனி வேலை. சிலிண்டரை உச்சி, நடு, அடி என மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்காகவும் அளந்து, தேய்மானம் புத்தகத்தின் எல்லைக்குள் இருந்தால் மட்டும் ஹோன் செய்து (சுவரை அரைகல்லால் லேசாகத் தேய்த்து) புது ரிங் போடலாம். எல்லை தாண்டியிருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அதாவது துளையைப் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். ஹோன் செய்த சிலிண்டரைப் பெட்ரோலால் துடைத்தால் அரைத்தூள் துளைகளிலேயே தங்கிவிடும். சூடான சோப்புத்தண்ணீரும் பிரஷும்தான் அதை எடுக்கும். வெள்ளைத் துணியில் கறை வராத வரை கழுவி, உடனே ஆயில் தடவுங்கள். ராட்டுக்கும் அதன் மூடிக்கும் உள்ள குறிகள் நேருக்கு நேர் வரட்டும். பல எஞ்சின்களில் ராட்டுக்குத் தனி பேரிங் கிடையாது, அலுமினியமே நேராகக் கிராங்கில் உருளுகிறது. கிராங்கில் அலுமினியம் ஒட்டிக் கோடு விழுந்திருந்தால் கிராங்கைத் தீட்டி, 0.010 அங்குலம் அண்டர்சைஸ் ராட் போடுவது வழக்கம்.

இளகாத போல்ட்டுகள்

இனி வண்டியின் மற்ற பகுதிகளுக்குப் போகலாம். அங்கே உங்கள் பொறுமையைச் சோதிப்பது துருப்பிடித்த போல்ட்டுகள்தான். ஊற வைத்த பிறகு, கழற்றுவதற்கு முன் ஒரு சிறு இழை இறுக்கிப் பாருங்கள். துருப்பிடிப்பு முதலில் உடைய வேண்டும், எந்தப் பக்கம் உடைந்தாலும் சரி. அசைந்ததும் முன்னும் பின்னுமாக, எண்ணெய் விட்டுக்கொண்டே எடுங்கள். அசையவில்லை என்றால் நட்டைச் சுடவைத்து, ஆறும்போது மெழுகுவர்த்தியை மரை மேல் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இறங்கும். டேங்கையும் பெட்ரோல் ட்யூபையும் தூர வைத்த பிறகே நெருப்பு. தலை முறிந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தால், அந்தச் சூடும் புதுத் தலையும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவரும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் வெல்டிங்கோ நெருப்போ வைக்காதீர்கள். அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

பின்சக்கர ஹப் அச்சில் ஒட்டியிருப்பது தனிக் கதை. முதலில் செட் ஸ்க்ரூக்களை எடுங்கள், பல சமயம் ஒன்றின் அடியில் இன்னொன்று இருக்கும். பிறகு புல்லரை மாட்டி இறுக்கி, அப்படியே ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஹப்பைச் சுற்றித் தட்டுங்கள். அச்சின் முனையில் பெரிய சுத்தியலால் அடிக்காதீர்கள். முனை காளான் போல் விரியும், உள்ளே டிஃபரென்ஷியலின் கிளிப்பும் வாஷரும் உடையும். அதை மாற்ற முழு பின் அச்சையும் பிரிக்க வேண்டும்.

கியர், பெல்ட், ஸ்டியரிங்

கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துப் பாருங்கள். கியர் வகைக்கு வழக்கமாக 90 கியர் ஆயில். எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வகைக்குப் புத்தகம் சொல்லும் திரவம் மட்டும். அதில் கைக்குக் கிடைத்ததை ஊற்றினால் பம்ப் போகும். வெண்மையாகத் தண்ணீர் கலந்திருந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். ஆயில் சீல்கள் மலிவு, அச்சு வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

பெல்ட்டை அளவு பார்த்து மட்டும் வாங்காதீர்கள். கிளட்ச்சாக வேலை செய்யும் பெல்ட் வழுக்கிப் பிடிக்க வேண்டியது. அதற்கென அராமிட் நார் வைத்துத் துணி சுற்றிச் செய்கிறார்கள். கார் விசிறி பெல்ட் அங்கே சீக்கிரம் கருகும், சில சமயம் கிளட்ச்சை மிதித்தாலும் விடாமல் இழுக்கும், அது ஆபத்து. கப்பிகளின் பள்ளத்தில் துருவை வழித்து மழமழப்பாக்குங்கள்.

ஸ்டியரிங்கில் கால் சுற்று ஆட்டம் இருந்தால் ஒரே இடத்தில் தேய்ந்திருப்பதில்லை. ஒருவர் சக்கரத்தை ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும்: முன் அச்சின் நடு பின், கிங்பின், டை ராட் முனைகள், ஸ்டியரிங் கியர். நடு பின்னின் துளை பெரும்பாலும் முட்டை வடிவமாகியிருக்கும். துளைத்துப் புஷ் போட்டால் பாதி ஆட்டம் போய்விடும். கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் கல்லாகியிருந்தால் நிப்பிளையே மாற்றுங்கள்.

டயரைப் பற்றி ஒன்று மட்டும்: காற்றடித்த டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் செய்யாதீர்கள், வெடிக்கும்.

மின் இணைப்பு

இந்த வண்டிகளின் மொத்த ஒயரிங்கும் ஒரு பக்கத்தில் வரையக்கூடியது. நைந்த ஒயரை ஒட்டுப்போடுவதை விட முழுதும் புதிதாக இழுப்பதே எளிது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் முதலில் எர்த். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பில் துரு. நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் ஆகிறது.

சாவி ஸ்விட்ச் மாற்றும்போது கவனம். பேட்டரியில் பொறி எடுக்கும் எஞ்சின், மின்சாரத்தைத் துண்டித்தால் நிற்கும். ஃப்ளைவீல் காந்தத்தால் பொறி எடுக்கும் மேக்னெட்டோ எஞ்சின், ஒயரை எர்த் செய்தால் நிற்கும். இரண்டுக்கும் ஸ்விட்ச் வேறு. மாற்றிப் போட்டு மேக்னெட்டோவின் நிறுத்தும் ஒயரில் 12 வோல்ட் போனால் காயில் எரியும். சீட், கிளட்ச் பாதுகாப்பு ஸ்விட்ச்சுகள் பழுதாக இருந்தால் ஒயரை முறுக்கி ஓரங்கட்டாமல் புதிதாகப் போடுங்கள்.

மின்சாரம் முடிந்தால் அடுத்து புல் வெட்டும் தளம். அதன் பேரிங்குகள் பல வண்டிகளில் 6203, 6204, 6205 போன்ற பொது எண்கள்தான். ஓரத்தில் பொறித்த எண்ணைப் பார்த்து, இருபக்கமும் சீல் வைத்ததாக வாங்கலாம். பிளேடைத் தீட்டியதும் நடுத்துளையை ஆணியில் மாட்டி, எந்தப் பக்கமும் சாயாத வரை கனமான பக்கத்தை அரைக்க வேண்டும்.

துருவும் பெயின்ட்டும்

இப்போதுதான் பிரிக்கலாம். வண்டி ஓடுகிறது, என்ன மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

சின்ன இரும்பு பாகங்களுக்கு மின்பகுப்பு முறை அருமை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பாகத்துக்கு சார்ஜரின் நெகட்டிவ், ஓரத்தில் தொங்கும் பழைய இரும்புத் தகட்டுக்கு பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அந்தத் தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். அலுமினிய பாகத்தைப் போட்டால் கரைந்துவிடும். ஹைட்ரஜன் வெளிவரும், ஆகவே திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த தேய்ப்பு வேண்டாம், தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். அசல் நிறம் தேடுபவர்கள் வெயில் படாத இடத்தைப் பார்க்க வேண்டும்: சீட்டின் அடி, டேங்கின் பின்புறம், டேஷ்போர்டின் உள்பக்கம். பானெட்டில் இருப்பது வெளுத்த நிறம்.

முதலில் கிரீஸ் நீக்கி, பிறகு தேய்த்து, மறுபடி கிரீஸ் நீக்கிய பிறகே பிரைமர். சிலிக்கான் கலந்த ஸ்பிரே பட்ட இடத்தில் பெயின்ட் மீன்கண் போல விலகும். ஸ்பிரே டப்பா எனாமல் மேல் சிந்திய பெட்ரோல் கறை போடும், ஹார்ட்னர் கலந்தது தாங்கும். ஆனால் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர்கள் சாதாரண எனாமலை மெல்லிய பூச்சுகளாக அடித்து, நன்றாக இறுக சில வாரம் விட்டாலே போதும். எர்த் ஒயர் பிடிக்கும் இடங்களிலும் சிலிண்டர் துடுப்புகளிலும் கனமாக அடிக்காதீர்கள். எர்த் இடத்தில் உலோகம் தெரிய வேண்டும், துடுப்புகள் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஸ்டிக்கர்கள் பெயின்ட் முழுதாகக் காய்ந்த பிறகு.

பூட்டும்போது ஒவ்வொரு மரையிலும் துருத்தடுப்பு பேஸ்ட் தடவுங்கள், டார்க் அளவு சொன்ன இடங்களைத் தவிர. எஞ்சினைப் பிரித்திருந்தால் முதல் ஐந்து மணி நேர ஓட்டத்திலேயே ஆயிலை வடித்து மாற்றுங்கள். அதே சமயம் ஹெட், எஞ்சின் தாங்கி, சக்கர போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் எதுவும் தளரும். பருவம் முடிந்து நிறுத்தும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்து மிச்சத்தை வடித்துவிடுங்கள்.